மலையடிவாரத்து அசனம்

அன்று அங்கே இருந்தவர்கள்: இல்லத்தில் குடியிருந்தவர்கள் முப்பத்திரண்டு பேர். அவர்களைப் பார்த்துக்கொண்ட நர்ஸ், சிஸ்டர் சுகிர்தம். ஊரிலிருந்து ஊழியத்துக்குப் போன நாங்கள் ஐந்து பேர்: சபைப் போதகர், எப்போதும் சேர்ந்தே நிற்கும் இரண்டு வாத்தியார்கள், அசனத்துக்குச் சோறு பொங்கும் வேதமாணிக்கம், தண்ணீர் சுமந்த நான். ஆக முப்பத்தெட்டு.

இல்லம் இருந்தது நேபாளத்தில், மலை தொடங்குகிற இடத்தில். தொழுநோய் வந்து குணமானவர்கள் அங்கே இருந்தார்கள். குணமான பிறகும் அவர்களை யாரும் வீட்டில் சேர்க்கவில்லை.

வேதமாணிக்கம் சிஸ்டரிடம் வந்து நின்றார்.

"சோறு ஆறுது சிஸ்டர். ஒருத்தரும் வரல்லியே."

சிஸ்டர் துவைத்த கட்டுத்துணிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

வெளியே தைத்த இலைகள் ஒரே வரிசையில் கிடந்தன. காற்றில் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூழாங்கல். உட்கார ஆளில்லை.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் அசனம் என்றால் சபைக் கோயில் பண்டிகை முடிவில் ஊரே சேர்ந்து சாப்பிடுவது. வீட்டுக்கு வீடு அரிசி வாங்குவார்கள். எல்லா அரிசியும் ஒரே அண்டாவில் விழும். அப்புறம் தோட்டம் உள்ளவரும் கூலிக்காரரும் ஒரே வரிசையில் உட்காருவார்கள். பனைமட்டை எரிகிற அந்தப் புகை சட்டையை விட்டுப் போக ஒரு வாரம் ஆகும். சட்டையைத் துவைக்காமல் வைத்திருந்தவர்களும் உண்டு.

அந்த அடுப்பில் நின்றவர் வேதமாணிக்கம். மனைவி பிழைத்தால், யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடாத ஜனங்களுக்கு ஓர் அசனம் போடுவதாகப் பொருத்தனை செய்திருந்தார். மனைவி பிழைக்கவில்லை. சொன்னது சொன்னதுதான் என்று கிளம்பிவிட்டார். ஊரில் இடித்த மசாலாவை மடியில் வைத்துக்கொண்டே ரயிலில் வந்தார்.

சிஸ்டர் அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் ஊழியம் படிப்பதென்றால் அவரிடம்தான் படிக்க வேண்டும் என்று வேதமாணிக்கம் சொல்வார்.

"காலையில யாராவது வந்தாங்களா அண்ணாச்சி?" என்று சிஸ்டர் கேட்டார்.

வந்தார்கள் என்றார் அவர். ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொண்டு வந்தார்கள். பாவம், அவர்களுக்கு அளந்து கொடுக்கிற அரிசி. அதைப் போய் வாங்குவதா என்று, எல்லாரையும் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

சிஸ்டர் ஒரு சுருளை முடித்துக் கூடையில் வைத்தார்.

"அசனம்னா என்னன்னு நான்தான் அவங்களுக்குச் சொல்லியிருந்தேன்."

வேதமாணிக்கம் வெளியே கிடந்த வெறும் இலைகளைத் திரும்பிப் பார்த்தார்.

"இங்க கடைக்காரன் இவங்க கையில இருந்து எதையும் வாங்கமாட்டான் அண்ணாச்சி. தரையில வையின்னு சொல்லுவான்."

"நான் அப்படி நினைக்கல்லியே சிஸ்டர்."

"அது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

போதகர் தாம் போய் விளக்கிச் சொல்வதாக முன்வந்தார். வாத்தியார்கள் இருவரும், மன்னிப்பாக நாலு வரி எழுதி, அதை சிஸ்டர் நேபாளியில் வாசித்தால் முறையாக இருக்கும் என்றார்கள். நாலு வரியா, ஐந்து வரியா என்று அவர்களுக்குள் பேச்சு வந்தது.

சிஸ்டர் உள்ளே போய் ஒரு காலிப் பானையோடு வந்தார்.

"ஊர்ல அசனத்துக்கு அரிசி வாங்கப் போறப்ப, எந்த வீட்டை விடுவீங்க?"

"ஒரு வீட்டையும் விடமாட்டோம்."

பானையை அவர் கையில் கொடுத்துவிட்டு, சிஸ்டர் மறுபடி துணி சுருட்ட உட்கார்ந்தார்.

நானும் அவர் கூடப் போனேன். முதல் அறை தில்குமாரியுடையது. வாசலில் உட்கார்ந்திருந்தாள். எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வேதமாணிக்கத்துக்கு பாஷை தெரியாது. குனிந்து பானையை நீட்டினார்.

அவள் பானையைப் பார்த்தாள். முற்றத்தில் இருந்த அண்டாவைப் பார்த்தாள். ஏதோ சொன்னாள். அக்கம்பக்கத்து அறைகளில் சிரிப்புக் கேட்டது. அண்டா நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பிச்சைக்கு வந்தவனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அவள் சொன்னதாக, சிஸ்டர் பிற்பாடு சொன்னார்.

நீட்டிய பானையை வேதமாணிக்கம் இழுத்துக்கொள்ளவில்லை.

தில்குமாரிக்கு விரல்கள் கிடையாது. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அரிசியை அள்ளினாள். பாதி வெளியே சிந்தியது. அவர் உட்கார்ந்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்கத் தொடங்கினார். அவள் தன் தடியால் அவர் கையை மெல்ல ஒதுக்கி, ஓடி வந்த கோழியைக் காட்டினாள். அப்புறம் திரும்பவும் அள்ளிப் போட்டாள்.

அடுத்த அறைக் கதவு தானாகத் திறந்தது. அதற்கடுத்ததும்.

சிலர் வேண்டுமென்றே அவரைக் காக்க வைத்தார்கள். காத்து நின்றார். ஒருவர் தம் அரிசியைத் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். வேதமாணிக்கம் அதை எடுக்கவில்லை. அந்த மனிதர் தம் கையாலேயே எடுத்துப் போடும்வரை பானையை நீட்டியபடி இருந்தார்.

அந்தப் பானை அரிசியைப் பொங்க இரண்டாவது அடுப்பு மூட்டினோம். குளிர் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ஈர விறகின் புகை நம் ஊர்ப் புகைபோல இல்லை. ஆனாலும் இப்போது எங்கே புகை கண்டாலும் எனக்கு அந்த அடுப்புதான் ஞாபகம் வருகிறது.

எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். வேதமாணிக்கம் அகப்பையை எடுக்கப் போனார். தில்குமாரி அவரைப் பிடித்து வரிசையின் கடைசி இலையில் உட்கார வைத்தாள்.

சின்னப் பானைச் சோற்றை அவளே பரிமாறினாள். அகப்பை அவள் கையில் நிற்காது. உள்ளங்கைகளால் அள்ளி அள்ளி வைத்தாள். கடைசியாக அவர் இலையிலும் வைத்தாள். நகராமல் அங்கேயே நின்றாள்.

வரிசை முழுவதும் அவர் கையையே பார்த்தது.

அவர் பிசைந்தார். சாப்பிட்டார். இலையை அவள் பக்கம் தள்ளினார்.

"இன்னும் கொஞ்சம் போடு தாயி."

அவள் பானையைச் சாய்த்து வழித்தாள்.

அன்று அண்டாவில் மிஞ்சியது பதினாறு பேர் சோறு. சின்னப் பானையில் ஒரு பருக்கை இல்லை.