நீர்நாய் நொச்சியின் நடை

மலையடிவாரக் காட்டில் ஒரு மடு இருந்தது. அதன் கரையில் ஒன்பது நீர்நாய்கள் குடியிருந்தன. அவை தனித்தனியாக மீன் பிடிப்பதில்லை. ஒன்பதும் அரைவட்டமாக வரிசை கட்டி நீந்தும். மீன்களைக் கரைப்பக்கம் நெருக்கித் தள்ளும். வரிசையில் ஒன்று இடம் மாறினாலும் போச்சு, அந்த ஓட்டை வழியாக மீனெல்லாம் தப்பிவிடும்.

வரிசையின் வலது முனை நொச்சியின் இடம். பல வருடங்களாக அவள்தான் அங்கே நீந்துவாள்.

ஒருநாள் அவள் பாதித் தண்ணீரில் நின்றுவிட்டாள். "எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டாள். மறுநாள் எதிர்த்திசையில் நீந்தினாள். மூன்றாம் நாள் தன் கணவன் மருதனைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றாள். மருதனின் வாயிலிருந்த மீன் நழுவி விழுந்தது.

கூட்டத்தின் தலைவன் மருதனின் தம்பி சேந்தன். கெட்டவன் அல்ல. ஆனால் இத்தனை வயிறுகளுக்கும் அவன்தான் பொறுப்பு. வைத்தியம் பார்க்கும் ஆமைக்கு ஆள் அனுப்பினான். ஆமை வந்து சேரவே இரண்டு நாள் ஆயிற்று.

"அசையவே கூடாது" என்றது ஆமை. "அசைஞ்சா மூளை களைச்சுப் போகும். என்னைப் பாருங்க. நூறு வயசுக்கு மேல ஆச்சு, ஒண்ணும் மறந்ததில்ல. வளைக்குள்ள படுக்க வைங்க."

ஆமைக்கு ஒத்துப்போவது நீர்நாய்க்கு ஒத்துப்போகுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. வைத்தியர் சொல்லிவிட்டால் தலையாட்டத்தானே நமக்குத் தெரியும்!

அன்றே நொச்சியை வளைக்குள் விட்டு, வாசலை ஒரு கல்லால் அடைத்தார்கள். கொழுத்த கெண்டை அவள் வாய்க்கே போய்ச் சேர்ந்தது. எல்லாம் பாசத்தால் செய்ததுதான், குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் நொச்சி படுக்கவில்லை. அந்தச் சின்ன வளைக்குள் சுற்றிச் சுற்றி வந்தாள். மண்சுவரைப் பிறாண்டினாள். "போகணும், போகணும்" என்றாள்.

"எங்க போகணும்?" என்று மருதன் கேட்பான்.

"தெரியல. போகணும்."

கெண்டையை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுக்கினாள். தூக்கம் போயிற்று. ஒரே மாதத்தில் பின்னங்கால்கள் மெலிந்து, எழுந்து நின்றாலே நடுங்கின.

இதற்குள் மடுவும் வற்றத் தொடங்கியது. கோடையில் கூட்டம் மணல்வெளியைக் கடந்து பெரிய ஆற்றுக்குப் போவது வழக்கம். அரை நாள் நடை. ஒதுங்க ஒரு செடிகூடக் கிடையாது. மேலே கழுகு சுற்றும். நடக்க முடியாதவரைச் சுமந்துகொண்டு போக நீர்நாயால் ஆகாது.

சேந்தன் வந்தான். அண்ணன் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"அண்ணே, இன்னும் இருபது நாளைக்குத்தான் தண்ணி தாங்கும். அப்புறம் கிளம்பியாகணும். அண்ணிய நெனச்சாத்தான்…"

"விட்டுட்டுப் போகலாம்ங்கிறியா?"

"அப்படிச் சொல்லல. அவங்களால நடக்க முடியுமான்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

மருதனால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வளைக்குள்ளிருந்து பிறாண்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திடீரென்று வாசலில் இருந்த கல்லின் மேல் அவனுக்குக் கோபம் வந்தது. அதை உருட்டித் தள்ளினான்.

"சரி, போகலாம். வா!"

முதல் நாள் பத்தடி நடப்பதற்குள் நொச்சி இரண்டு முறை விழுந்தாள். மருதன் ஓரடி முன்னால் நடந்தான், அவள் அவனைப் பார்த்துப் பார்த்துக் காலெடுத்து வைத்தாள். மறுநாள் இருபதடி. அதற்கு மறுநாள் நாவல் மரம் வரை.

வழியில் ஆமை மறித்தது. "அவளக் கொல்லப் பாக்குறியா?"

"கொஞ்சம் வழி விடுங்க வைத்தியரே" என்றான் மருதன். ஆமை ஒதுங்கி முடிப்பதற்குள் இருவரும் நாவல் மரம் வரை போய்த் திரும்பியே வந்துவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் அவளைத் தண்ணீரில் இறக்கினான். எந்தப் பக்கம் என்று அவள் கேட்கவில்லை. கேட்க நினைப்பதற்கு முன்பே கால்கள் துழாவத் தொடங்கிவிட்டன. பாறையில் ஏறி இறங்கினாள். கூழாங்கல்லைத் தூக்கிப் போட்டுப் பிடித்தாள். அன்று இரண்டு கெண்டை தின்றாள். படுத்ததும் தூங்கிப்போனாள். பிறாண்டும் சத்தம் இல்லாததால் மருதனுக்குத்தான் தூக்கம் வரவில்லை.

மறதி போய்விட்டதா? இல்லை. கதைக்காகப் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு காலையும் அவள் "நீங்க யாரு?" என்றுதான் கேட்டாள். அவனும் ஒவ்வொரு காலையும் தன் பெயரைச் சொன்னான். சில நாள் அது வலித்தது. சில நாள் சிரிப்புக்கூட வந்தது. ஆனால் ஒரு நாளும் நடையை விடவில்லை.

இருபதாம் நாள் விடிந்ததும் கூட்டம் புறப்பட்டது. நொச்சியும் நடந்தாள். மெதுவாகத்தான், ஆனால் நிற்காமல் நடந்தாள். தூரத்தில் ஆற்றங்கரையின் பச்சை தெரியும் நேரத்தில் ஒருவர் மணலில் சாய்ந்தார். அது நொச்சி அல்ல, மருதன்! இத்தனை நாளும் அவளைக் கவனித்தவன் தன் வயிற்றைக் கவனிக்க மறந்திருந்தான்.

"நீங்க போங்க. நான் மெல்ல வந்துடறேன்" என்றான். கழுகின் நிழல் மணலில் வட்டம் போட்டது. முன்னே போவதா, நிற்பதா என்று சேந்தன் தவித்தான்.

நொச்சி மருதனின் விலாவில் மூக்கால் முட்டினாள்.

"எழுந்திருங்க."

"முடியல நொச்சி."

"உங்க பேரு எனக்குத் தெரியல. ஆனா நான் தினமும் நடக்கிறது உங்களோடதான். நீங்க இல்லாம நான் நடக்க மாட்டேன். எழுந்திருங்க."

மருதன் எழுந்தான். அவள் அவனைத் தோளோடு தோள் முட்டுக் கொடுத்துக் கூட்டிப் போனாள். உச்சிவெயில் ஏறுவதற்குள் ஒன்பது நீர்நாய்களும் ஆற்றில் இறங்கிவிட்டன.

நினைவு தளர்ந்தவரை அன்பின் பெயரால் மூலையில் முடக்காதீர்கள், நாள் தவறாமல் அவரோடு சேர்ந்து நடங்கள்.