தெரியாத நோய்

கபடி, கோகோ, ஓட்டம் என்று கல்லூரிக்காலத்தில் எதையும் விடாமல் ஆடியவள் ஜெபசெல்வி. இப்போது அதே கல்லூரிக்குப் பயிற்சியாளரும் அவள்தான், டாக்டரும் அவள்தான். மாநிலப் போட்டிக்கு ஓட்டக்காரனைத் தேர்ந்தெடுக்கும் நாளில், மைதானத்தை எட்டிக்கூடப் பார்க்காத தாளாளர் சிரித்துக்கொண்டே வந்தார். அந்தச் சிரிப்பே அவளுக்குச் சரியாகப் படவில்லை.

"முதல்ல ஓடி வர்ற அந்த இசக்கிராஜுக்கு நோய்னு எழுதும்மா, என் மகன் ஓடட்டும். பார்த்தா தெரியாத நோயா எழுது. இல்லேன்னா உனக்கு இங்க வேலை இல்ல."

எழுதியதைத் தேர்வுக்குழு முன்னாலேயே அவரிடம் நீட்டினாள்.

"காசநோய் சந்தேகம்னு போட்டிருக்கேன் ஐயா. பயிற்சி முகாம்ல அவனோட ஒரே அறையில படுத்தவங்களும் ஓடக்கூடாது. படுத்தது உங்க மகன்தான்."

தாளாளர் சீட்டைக் கிழித்தார். "இசக்கிராஜுக்கென்ன நோய்? குதிரை மாதிரி இருக்கான்."

தேர்வுக்குழுத் தலைவர் அவளைப் பார்த்தார்.

"தாளாளரே சொன்னப்புறம் நான் எதிர்த்துப் பேச முடியுமா சார்?" என்றாள் ஜெபசெல்வி. "இசக்கி, வந்து கோட்டுல நில்லுப்பா."