மதுரை பேசாத பகல்

இந்தக் கதையை நம்ப முடியாமல் பல வருடங்கள் போய்விட்டன. சொன்னவர் அம்பலவாணன். கதையில் வரும் சீடரும் அவரே. பொய் சொல்கிற மனிதர் அல்ல. ஆனாலும் நினைக்கும்போதெல்லாம் ஓரிடத்தில் மனம் நின்றுவிடும். ஒருவரால் இப்படி இருக்க முடியுமா?

அம்பலவாணனுக்கு அப்போது வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. திருநெல்வேலியிலும் மதுரையிலும் ஆஸ்பத்திரி நடத்திய ஓர் அறக்கட்டளையின் கம்ப்யூட்டர்கள் அவர் பொறுப்பில் இருந்தன. கல்லீரல் வேண்டிக் காத்திருப்பவர்களுக்கு இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே வரிசை. மூளைச்சாவு அடைந்த ஒருவரின் கல்லீரல் கிடைத்தால், அது யாருக்கு என்று அந்த வரிசையை வைத்திருக்கும் தரவுத்தளம்தான் சொல்லும். அது நின்றுவிடக் கூடாது.

அதனால் ஊருக்கு ஒன்றாக இரண்டு மெய்நிகர் கணினிகளை, அதாவது பெரிய கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கியவற்றை, அமைத்தார். நினைவகம் எவ்வளவு, வட்டு எவ்வளவு என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தார். இரண்டிலும் முழு வரிசையும் இருந்தது. ஒன்று தலைமை, மற்றது துணை. தலைமையிடமிருந்து 'இருக்கிறேன்' என்ற சத்தம் வராவிட்டால் துணை தானே தலைமையாகிவிடும்.

அதைப் பார்வையிட மரகதவல்லி வந்தார். அம்பலவாணனைவிட இளையவர். ஆனால் அம்பலவாணன் இந்த வேலையைக் கற்றது மரகதவல்லியிடம்தான்.

மரகதவல்லி திரையைப் பார்க்கவே இல்லை. அம்பலவாணனை ஓர் அறையிலும், உடன் வேலை செய்த யூசுப்பை இன்னோர் அறையிலும் உட்கார வைத்தார். இருவர் கையிலும் ஒரே வரிசை. பேசிக்கொள்ள ஒரு போன். அம்பலவாணனிடம் மட்டும், "முதல் ஆளுக்குக் காய்ச்சல்" என்றார். அதை யூசுப்பிடம் சொல்ல அவர் போனை எடுப்பதற்குள் இணைப்பைப் பிடுங்கிவிட்டார்.

பிறகு ஒவ்வோர் அறையாகப் போய்க் கேட்டார். "கல்லீரல் வந்திருக்கு. யாருக்கு?"

யூசுப் முதல் பெயரைச் சொன்னான். அம்பலவாணன் இரண்டாவது பெயரைச் சொன்னார்.

இருவரையும் வெளியே அழைத்தார். "ரெண்டு பேருக்கும் மயக்க மருந்து கொடுத்தாச்சு. கல்லீரல் ஒண்ணுதான்."

"நான் தப்பா ஒண்ணும் சொல்லலையே மேடம். யூசுப்கிட்டேருந்து சத்தமே இல்ல. அவன் கதை முடிஞ்சுதுன்னு நினைச்சேன்."

"நான் உங்களுக்குப் பூமாலைக்கே சொல்லிட்டேன் அண்ணாச்சி" என்றான் யூசுப்.

மரகதவல்லி சிரிக்கவில்லை.

"சரி மேடம். எதிர்ல உள்ளது செத்துப்போச்சா, இல்ல லைன்தான் போச்சான்னு இது எப்படித் தெரிஞ்சுக்கும்?" என்றார் அம்பலவாணன்.

"தெரிஞ்சுக்காது."

"பின்னே?"

"திருச்சியில சின்னதா மூணாவது ஒண்ணு வைங்க. அதுல வரிசை வேண்டாம், ஓட்டு மட்டும் போதும். மூணுல எந்த ரெண்டுக்கு ஒண்ணோட சத்தம் ஒண்ணுக்குக் கேட்குதோ, அந்தப் பக்கம் தலைமை. தனியா மாட்டினது ஒதுங்கிக்கணும்."

"வரிசையே இல்லாததுக்கு ஓட்டா?"

"அதுக்கு வேண்டியவங்க யாரும் இல்ல."

அம்பலவாணனுக்கு மனம் ஒப்பவில்லை. "தனியா மாட்டினதும் நல்லாத்தான் ஓடிட்டு இருக்கும். எல்லாம் சரியா இருக்கும். அதைப் போய்ச் சாகச் சொல்றீங்களே."

"சாகச் சொல்லல சார். பேசாம இருக்கச் சொல்றேன்."

அப்படியே அமைத்தார்.

அந்த ஐப்பசியில் அம்பலவாணனின் மனைவியுடைய தம்பி குற்றாலிங்கம் வரிசையின் தலைக்கு வந்திருந்தான். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில், கீழ்த்தளத்து வார்டில் படுத்திருந்தான். ஒருநாள் காலையில் அதே ஆஸ்பத்திரியில் ஒரு கல்லீரல் கிடைத்துப் பதிவானது. பரிசோதனை முடிந்து அதை யாருக்கு என்று ஒதுக்குவதற்குள், மதியம் மழை வலுத்தது. மண் சரிந்து லைன் அறுந்தது. செல்போன்களும் அடங்கிப்போயின. மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சத்தம் இல்லை. திருநெல்வேலிக் கணினி ஒதுங்கிக்கொண்டது. வரிசையைக் காட்டியது. யாருக்கும் எதையும் ஒதுக்க மறுத்தது.

அதை வலுக்கட்டாயமாகத் தலைமையாக்க ஒரு வரிக் கட்டளை போதும். அம்பலவாணன் அதைத் தட்டிவிட்டார். அனுப்பும் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. பார்வையிட வந்திருந்த மரகதவல்லி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர் ஆள் விட்டுக் கேட்கிறார் மேடம். இருட்டுறதுக்குள்ள சொல்லணுமாம்."

"ம்."

"முதல் பேரு அவன்தான். நான் ஒண்ணும் மாத்தி எழுதல. என் மச்சினன்ங்கிறதுக்காக அவனுக்கு அநியாயம் பண்ணணுமா?"

மரகதவல்லி எழுந்து சாரல் அடித்த ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கீழே என் வீட்டுக்காரி அவன் காலைப் பிடிச்சு விட்டுட்டு இருக்கா. இங்க கல்லீரல் வந்திருக்குன்னு அவளுக்குத் தெரியாது. சொல்லவும் கூடாது. மதுரை செத்துக் கிடந்தா என்ன பண்றது மேடம்? யாருக்கும் இல்லாம வீணாப் போகுமே."

மரகதவல்லி திரையைப் பார்த்தபடி சொன்னார்.

"மதுரையில இப்போ நம்மளைத்தான் செத்துட்டோம்னு நினைச்சுட்டு இருப்பாங்க."

அம்பலவாணன் அனுப்பும் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். பிறகு தட்டிய வரியை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார்.

பொழுது சாயும்போது லைன் வந்தது. மதுரையில் ஒரு சிறுமிக்கு மதியம் உடம்பு மோசமாகி, அவள் பெயர் வரிசையில் மேலே ஏறியிருந்தது. திருச்சியின் ஓட்டோடு தலைமையில் இருந்த மதுரை கல்லீரலை அவளுக்கு ஒதுக்கி முடித்திருந்தது. மழையிலேயே கல்லீரலோடு வண்டி மதுரைக்குக் கிளம்பியது. தை பிறக்கும் முன் குற்றாலிங்கம் இறந்துபோனான்.

இதை அம்பலவாணன் எப்போது சொன்னாலும் அந்த வரியை அழித்ததோடு நிறுத்திக்கொள்வார். மிச்சத்தை மற்றவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கடைசியில் ஒருநாள் அவரிடமே கேட்டாயிற்று. நடந்ததா என்று கேட்கவில்லை.

"அந்த வரியை அழிச்சது உங்க வீட்டம்மாவுக்குத் தெரியுமா?"