கீரி வைத்த கல் காட்சி

அந்தக் காலத்தில், மிருகமும் பறவையும் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு காட்டோடையின் கரையில் செம்மூக்கி என்றொரு பறவை இருந்தாள். நெட்டைக் கால், சிவந்த மூக்கு. அவள் இடும் முட்டைகளோ பாலாக வெளுத்திருக்கும். சரளைக் கற்களுக்கு நடுவே வெறுந்தரையில் நாலு முட்டை இட்டு, இன்றைக்கோ நாளைக்கோ குஞ்சு பொரிந்துவிடும் என்று அடைகாத்திருந்தாள். அந்தப் பொட்டலில் யாரும் கால் வைப்பதில்லை என்பதுதான் அவளுடைய தைரியம்.

அப்படி இருக்கையில் கீரி வந்தது. இந்த ஓடையில் கிடைக்கிற கல், மண், கிளிஞ்சல் எல்லாவற்றையும் பரப்பி வைத்து நாளைக்கு ஒரு காட்சி நடத்தப் போவதாகவும், அவரவர் பிள்ளைகுட்டிகளோடு வந்து பார்க்க வேண்டும் என்றும் வீடு வீடாகச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தது.

“இடமும் பாத்தாச்சு தங்கச்சி. இந்தப் பொட்டல்தான் தோது,” என்றது. சொல்லும்போது அதன் கண் கல்லைப் பார்க்கவில்லை. அவள் வயிற்றுக்கு அடியையே பார்த்தது. செம்மூக்கிக்கு அப்படித்தான் தோன்றியது.

முட்டை தின்னும் கீரிக்குக் கல்மேல் என்ன திடீர் ஆசை? இத்தனை நீள ஓடையில் வேறு இடமே இல்லையா? எலி அம்மணமாக ஓடுவதும் காரணத்தோடுதான் என்று வாய்விட்டே சொன்னாள். அவள் வீட்டுக்காரன் மட்டும், ஊருக்கு ஒருத்தர் நல்லது செய்தால் உனக்குப் பொறுக்காதே என்று அலுத்துக்கொண்டான்.

“செய்யட்டும். வேற எடத்துல செய்யட்டும்,” என்றாள் அவள்.

முட்டைகளைத் தூக்கிக்கொண்டு போக அவளுக்கு ஏது கை? மறுநாள் காலை, கூட்டம் சேருவதற்குள், ஓடைச் சேற்றை மூக்கால் அள்ளி வந்து நாலு முட்டைகளிலும் பூசினாள். அதன்மேல் கரிசல் மண்ணைப் புள்ளி புள்ளியாகத் தெளித்தாள். சுற்றிலும் கூழாங்கற்களை அடுக்கிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். பெற்றவளுக்கே எது முட்டை, எது கல் என்று புரியவில்லை.

அன்று வானம் மூடிக் கிடந்தது. நத்தை பதிந்த கல் ஒன்றை ஆமை கொண்டுவந்து வைத்தது. முள்ளம்பன்றி, கல்லாய் இறுகிப்போன மரத்துண்டை உருட்டி வந்தது. ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது, அதில் இருந்த நத்தைதான் இது என்று கீரி பிள்ளைகளுக்கு விளக்கியது. செம்மூக்கி அதை நம்பவில்லை. இவ்வளவு பெரிய பொய் சொல்கிற வாய் முட்டைக்காகத்தான் வந்திருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டாள். கீரி ஒவ்வொரு கல்லாகக் காட்டிக்கொண்டு நெருங்க நெருங்க, அவள் முட்டைப் பக்கம் திரும்பாமல் தள்ளியே நின்றாள்.

அப்போது ஒரு முயல்குட்டி அந்த நாலு கல்லின் பக்கத்தில் உட்கார்ந்து காதை வைத்தது.

“மாமா, இந்தக் கல்லுக்குள்ள யாரோ தட்டுறாங்க.”

குஞ்சு பொரிவதற்கு நேரம் பார்த்தது பாருங்கள். கூட்டமே திரும்பியது. கீரி வந்து குனிந்து, மூக்கை வைத்துப் பார்த்தது.

“எல்லாக் கல்லும் குளுந்து கெடக்கு. இது மட்டும் சுடுதே,” என்றது மெதுவாக.

செம்மூக்கி விர்ரென்று எழுந்து ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த மேட்டுக்குப் பறந்தாள். அங்கே ஒரு சிறகைத் தொங்கவிட்டுக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினாள்.

“ஐயோ, இங்க வராதீங்க! எம் முட்டை இருக்கு, யாரும் இங்க வராதீங்க!”

வராதே என்றால் யார்தான் வராமல் இருப்பார்கள்? கூட்டம் ஓடியது. கீரி அவளைப் பார்த்தது, கல்லைப் பார்த்தது. பெற்றவள் இப்படிக் கதறுகிற இடத்தில் இல்லாத முட்டை வேறெங்கே இருக்கப்போகிறது? அதுவும் ஓடியது. எல்லோருக்கும் முன்னால் ஓடியது.

பொழுது சாயும் வரை மேட்டைக் கிளறினார்கள். சரளைதான் வந்தது. வெறும் கல்லுக்கா இந்தக் கத்தல் என்று சிரித்துக்கொண்டே திரும்பினால், பொட்டலில் சேறு பூசிய உடைந்த ஓடுகள்தான் கிடந்தன; அவர்கள் கண்ணுக்கு அவையும் கல்லாகத்தான் தெரிந்தன. பொரிந்ததும் நடக்கிற இனம் அது. நாலு குஞ்சும் அப்பன் பின்னாலேயே புல்லுக்குள் போய்விட்டிருந்தன.

கடல் இருந்தது என்று கீரி சொன்னது நிஜம்தான். அப்படியானால் அது கல்லுக்காகவே வந்ததா, முட்டைக்காக வந்ததா? எனக்குத் தெரியாது; செம்மூக்கிக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள நாலு பிள்ளைகளைப் பணயம் வைக்க வேண்டும். எந்தத் தாய் வைப்பாள்?

ஆள் வந்துவிட்டதென்று வெறும் கல்லுக்கும் கத்திக் காட்டுகிற அசடு என்று கேலி பேசி, அவளுக்கு ஆள்காட்டி என்று பேர் வைத்தார்கள். அவள் மறுக்கவில்லை. அடுத்த முறை இட்ட முட்டைகள் சேற்று நிறத்தில், கரும்புள்ளியோடேயே வந்தன. அன்று முதல்தான் ஆள்காட்டி, பிள்ளை இல்லாத இடத்தில் நின்று ஊரைக் கூட்டுகிறது. பிள்ளை இருக்கும் இடத்தில் மூச்சுக் காட்டுவதில்லை.