தோற்றவர் தேவை

குமிழித்தீவு எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேட வேண்டாம். வரைபடம் போட்டவர் அங்கே போயிருந்தால் திரும்பி வந்திருக்க மாட்டார். வந்திருந்தாலும் வரையத் தெரிந்திருக்காது.

அதுவும் ஒரு குடியரசுதான். ஆட்சி நடத்துவது பிரதமர். கையெழுத்துப் போடுவது குடியரசுத் தலைவர். இரண்டு பேரையும் குறை சொல்வது நாடாளுமன்றம். அதில் உறுப்பினர்கள் பதினொரு பேர். தலைவரைத் தேர்ந்தெடுப்பதும் அவர்கள்தான்.

தலைவர் பூதலிங்கத்தின் ஆறு வருடப் பதவி முடிந்துவிட்டது. புதியவர் பதவியேற்கும்வரை பழையவர் மாளிகை வாசலைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். மாளிகையில் சாம்பார் மட்டுமே வைக்க வேண்டும் என்பதும் சட்டம். அக்கரையில் இருந்த மனைவி சிவகாமி கடிதம் எழுதியிருந்தாள்: "வெள்ளிக்கிழமை மதியப் படகுல வந்துருங்க. நெத்திலிக் கருவாடு வாங்கி வச்சிருக்கேன்." படகு வாரத்துக்கு ஒன்றுதான். மனிதர் ஒரு வாரம் முன்னதாகவே பெட்டி கட்டிவிட்டார். பாவம், எனக்கே அவரை நினைத்தால் நாக்கு ஊறுகிறது.

அடுத்த தலைவராக ஞானப்பூ அம்மாள் வர வேண்டும் என்று ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே குரலில் சொன்னார்கள். முப்பது வருடம் தபாலாபீசில் இருந்தவர். யாருக்கும் விரோதம் இல்லாதவர். அவரைத் தவிர வேறு யாரும் மனுப் போடவில்லை. வேலை சுலபமாக முடிந்திருக்க வேண்டும்.

நாடாளுமன்றச் செயலாளர் அனந்தப்பெருமாள் கையில் ஒரு அச்சடித்த தாள் இருந்தது. திங்கள், மனுத் தாக்கல். செவ்வாய், பரிசீலனை. புதன், வாபஸ். வெள்ளி, முடிவு. செவ்வாயன்று பதினொரு பேரும் மனுவை நேராகவும் தலைகீழாகவும் வெயிலில் பிடித்தும் பார்த்தார்கள். புதனன்று ஞானப்பூவை ஆள் விட்டு அழைத்தார்கள்.

"அம்மா, நீங்க இன்னும் வாபஸ் வாங்கலியே?" என்றார் அனந்தப்பெருமாள்.

"வாங்கணுமா?"

"அரசாங்கம் அதுக்குன்னு ஒரு நாளையே ஒதுக்கியிருக்கு. காலைல இருந்து மையும் பேனாவும் வச்சுக் காத்துக்கிட்டு இருக்கோம்."

ஞானப்பூ சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். "அப்ப வாங்கிக்கிடுதேன்" என்று கையெழுத்துப் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை பூதலிங்கம் பெட்டியோடு வாசலில் நின்றார். "யாருவே ஜெயிச்சது?"

"யாரும் ஜெயிக்கல, ஐயா" என்றார் செயலாளர். "ஆனா தேர்தல் ரொம்ப ஒழுங்கா நடந்துச்சு."

படகு போய்விட்டது. அன்றைக்கும் சாம்பார்.

மறுவாரம் எதிர்க்கட்சித் தலைவர் செல்லக்கண்ணுவுக்கு ஒரு யோசனை வந்தது. "வாபஸ் வாங்குறதுக்குன்னே ஒரு ஆளு நிக்கணும். நானே நிக்கேன்." குமிழித்தீவில் புத்தி எப்போதாவது வரும். வந்தால் ரொம்ப நாள் தங்காது. திங்கள் இருவரும் மனுப் போட்டார்கள், புதன் செல்லக்கண்ணு வாபஸ் வாங்கினார், ஞானப்பூ போட்டியின்றி ஜெயித்தார்.

வெள்ளிக்கிழமை காலை மாளிகை முற்றத்திலேயே விழா. பூதலிங்கம் பெட்டியை மேடையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அனந்தப்பெருமாள் நிகழ்ச்சி நிரலை வாசித்தார்: "முதலில், தோற்றவர் வென்றவரை வாழ்த்திப் பேசி மாலை அணிவிப்பார். அதன்பின் பதவியேற்பு."

சபையில் ஒருவர் எழுந்து கேட்டார்: "தோத்தவரு யாரு?"

எல்லோரும் செல்லக்கண்ணுவைப் பார்த்தார்கள். "நான் எங்க தோத்தேன்?" என்றார் அவர். "முறையா வாபஸ்தானே வாங்கினேன்."

"யாராவது தோக்காம எப்படி இவங்களுக்குப் பதவி கொடுக்கிறது?" என்று கேட்டார் பிரதமர்.

"எங்க வீட்டுச் சேவல் போன வாரம் சண்டையில தோத்துச்சு" என்றார் ஒரு உறுப்பினர்.

"அது வாழ்த்திப் பேசுமா?"

"கூவும்."

சேவல் கூவினால் குறிப்பேட்டில் என்ன எழுதுவது என்று ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. கரையில் படகின் முதல் சங்கு ஊதியது. பூதலிங்கம் துள்ளி எழுந்தார். "நான் தோத்துட்டேன். எழுதிக்கிடுங்க. சீக்கிரம்."

பிறகு வாழ்த்திப் பேசினார். "எனக்கு இந்தப் பதவி மேல ஆசையே இல்ல. இந்த மாளிகை வேண்டாம், மரியாதை வேண்டாம். என்னை வீட்டுக்கு விட்டாப் போதும். அம்மா நல்லா இருக்கட்டும்." சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. அது கருவாட்டு நினைப்பு. சபைக்கு அது தெரியாது.

பதினொரு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "ஆசையே இல்லாத மனுஷன். தலைவருக்கு இதைவிட என்ன வேணும்?" என்றார் பிரதமர்.

ஞானப்பூ விம்மினார். "இவரைத் தோக்கடிச்ச பாவம் எனக்கு எதுக்கு? எனக்குப் பதவி வேண்டாம்."

அனந்தப்பெருமாள் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். "முதலிடம் பெற்றவர் மறுத்தால், அடுத்த இடம் பெற்றவருக்கே பதவி. அடுத்த இடம் யாரு?"

"நான் சும்மா சொன்னேன்வே" என்றார் பூதலிங்கம்.

"குறிப்புல ஏறிடுச்சு, ஐயா."

இன்னும் ஆறு வருடம். அவர் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். செயலாளர் மாலையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். "தோத்தவரு ஜெயிச்சவருக்குப் போடணும்."

பூதலிங்கம் மாலையைத் தானே தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். "கையும் குலுக்கணும், ஐயா" என்றார்கள். வலது கையால் இடது கையைப் பிடித்துக் குலுக்கினார். சபை கைதட்டியது.

செல்லக்கண்ணு மட்டும் கைதட்டவில்லை. மேடையை உற்றுப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார்: "தோத்தவரு மொகம் ரொம்ப வாடிப் போச்சு. ஜெயிச்சவரு ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லலாம். பதவி வந்ததும் எவ்வளவு திமிரு பாத்தீங்களா?"