தமுக்கு விழாத வரிகள்

நாணல்குடியில் ஒரு வழக்கம். தமுக்கடிப்பவன் ஒரு சேதியைச் சொல்லி அடித்தால், அது போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய உண்மை. வேறு எதற்காவது அடித்தால் தமுக்கைப் பிடுங்கிவிடுவார்கள்.

அந்த ஊர் ஜமீன்தார் தன் புகழைத் தானே எழுதி, தமுக்கடிக்கும் இருளப்பனிடம் கொடுத்தார். "ஒரு சொல் விட்டாலும் தோலை உரிச்சிடுவேன்."

இருளப்பன் சந்தையில் நின்று வாசித்தான்.

"ஜமீன்தார் ஏரி வெட்டினார்." டம்.

"அந்தத் தண்ணீரைப்போல ருசியான தண்ணீர் எங்கும் கிடையாது." தமுக்கு பேசவில்லை.

"வரியை உயர்த்தினார்." டம்.

"அவரைப்போல நல்லவர் உலகத்திலேயே இல்லை." சத்தமே இல்லை. சந்தை சிரித்தது.

சந்தை ஓரம் வண்டியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஜமீன்தார் கொதித்தார். "கை மரத்துப்போச்சாடா?"

"இல்லீங்க சாமி. ஒரு சொல்லும் விடாம வாசிச்சுட்டேன். ஏரி கண்ணுக்குத் தெரியுது, வரி எல்லாரும் கட்டினது. அதுக்கு அடிச்சேன். மத்தது அவங்கவங்க நினைப்பு. அதுக்கு நான் அடிக்கக் கூடாது."

"இங்க யாருமே அப்படி நினைக்கலையா?"

"கேட்டுருவோம் சாமி. நினைக்கிறவங்க வந்து அடிக்கட்டும்."

குச்சியைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினான். ஒரு கையும் வரவில்லை. ஜமீன்தார் வண்டியைத் திருப்பச் சொன்னார்.

"ஜமீன்தார் கிளம்பிட்டார்" என்று கூவினான் இருளப்பன்.

டம்.