ஏழு மணி ஜெபம்

சாயங்காலம் உபதேசியார் கிருபாகரன் கோயில் பாய்களை உதறிக்கொண்டிருந்தபோது யேசுரத்தினம் வந்தார். தோத்திரம் சொல்லவில்லை. அவர் தோத்திரம் சொல்லாமல் வந்து நின்றது அன்றைக்குத்தான் முதல் தடவை.

யேசுரத்தினம் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். வயதில் உபதேசியாரைவிட மூத்தவர். ஆனாலும் சீஷன் அவர்தான். ஒரு காலத்தில் தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒதுங்குகிற அளவுக்குக் குடித்தவர். அவரை இழுத்துவந்து முழங்காலில் நிறுத்தியது உபதேசியார்.

அப்போது உபதேசியார் அவருக்கு ஒரேயொரு காரியத்தைத்தான் கற்றுக்கொடுத்தார். சாயங்காலம் ஏழு மணியானால் கூட்டாளிகள் வந்து தட்டுவார்கள். அந்த நேரத்துக்குக் கதவைத் தாழ்போட்டுவிட்டு, பெண்டாட்டியோடு ஜெபத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். யார் தட்டினாலும் ஆமென் சொல்லாமல் எழும்பக் கூடாது.

யேசுரத்தினம் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். கூட்டாளிகள் தட்டித் தட்டிச் சலித்துப்போனார்கள். குடியும் போயிற்று. அதற்கப்புறமும் அவர் தாழ்ப்பாளை விடவில்லை. சபையில் சாட்சி சொல்லும்போதெல்லாம் இதைத்தான் சொல்வார். கேட்கிறவர்களுக்குத்தான் சலித்தது, அவருக்குச் சலிக்கவில்லை. கொஞ்சம் பெருமையும் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

போன வாரம் அதே ஏழு மணிக்கு அடுத்த வீட்டுக் கோமதி வந்து கதவைத் தட்டினாள். அவள் புருஷன் ஆவுடையப்பனுக்கு நெஞ்சுவலி. அந்தத் தெருவில் வண்டி வைத்திருப்பது யேசுரத்தினம் ஒருவர்தான். வலி என்று சொல்லக்கூட அவளுக்கு வாய் வரவில்லை. அண்ணாச்சி, அண்ணாச்சி என்று மட்டும் கூப்பிட்டாள்.

அது அவர் காதில் நன்றாகவே விழுந்தது. மனைவி ஜெபக்கனி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். மூடு என்று அவர் தலையை ஆட்டினார். எதற்கோ வந்திருப்பாள், முடித்துவிட்டுக் கேட்போம் என்று நினைத்தார். அப்போது அவர் தெருவிலுள்ள வீடுகளுக்காக, ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லி ஜெபித்துக்கொண்டிருந்தார். கோமதி வீட்டையும் சொன்னார்.

ஆமென் சொல்லிக் கதவைத் திறந்தபோது வாசலில் ஆள் இல்லை. அவள் மெயின் ரோட்டுக்கு ஓடி ஒரு பால் வண்டியை மறித்திருந்தாள். கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்களாம்.

துக்க வீட்டுக்கு யேசுரத்தினம் போனார். கோமதி திட்டவில்லை. "நீங்க ஜெபத்துல இருக்கிற நேரம்னு தெரிஞ்சும் வந்து தட்டிட்டேன் அண்ணாச்சி" என்று அவரிடமே வருத்தம் சொன்னாள். திட்டியிருந்தால் யேசுரத்தினம் பிழைத்திருப்பார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. முழங்காலில் நின்றால் வார்த்தை வரவில்லை. ஜெபக்கனி முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இதையெல்லாம் பாய்மேல் உட்கார்ந்து சொல்லி முடித்தார். ஒரு மாசம் உபவாசம் இருக்கட்டுமா என்று கேட்டார். இனிமேல் கோயிலுக்கே வரவேண்டாமென்றாலும் சரிதான் என்றார்.

"தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க ஐயா. இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

உபதேசியார் கையிலிருந்த பாயைக் கீழே வைத்தார்.

"தாழ்போடச் சொன்னது நான்லா அண்ணாச்சி."

யேசுரத்தினம் நிமிர்ந்து பார்த்தார். உபதேசியாரும் தூங்கி நாளாகியிருந்தது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"அப்போ தப்பு உங்க மேலயா?"

"ஆளுக்குப் பாதியா பிரிச்சு எடுத்துக்கிட்டா செத்தவரு எந்திரிச்சு வந்திருவாரா?"

யேசுரத்தினம் அழுதார். உபதேசியார் தேற்றவில்லை. அழுது ஓயட்டும் என்று பாய்களை ஒவ்வொன்றாகச் சுருட்டிச் சுவரோரம் சாய்த்தார்.

பிறகு, ஆவுடையப்பனின் அம்மாவைப் பார்த்தீர்களா என்று கேட்டார். துக்க வீட்டில் மூலையில் படுத்திருந்ததைப் பார்த்ததாக யேசுரத்தினம் சொன்னார். பக்கவாதம் வந்தவள் என்பது தெரியும், அதற்குமேல் தெரியாது.

உபதேசியார் முந்தின நாள் அந்த வீட்டுக்குப் போயிருந்தார். கிழவி கனத்த உடம்புக்காரி. வேலைவிட்டு வந்ததும் மகன்தான் அவளைத் தூக்கிக்கொண்டுபோய் பின்வாசலில் உட்காரவைப்பானாம். கோமதி மேலுக்குத் தண்ணீர் ஊற்றித் துடைத்துச் சேலை மாற்றுவாள். பிறகு அவனே தூக்கிவந்து, வேறு பக்கமாகப் புரட்டிப் படுக்கவைப்பான். அவன் போனதிலிருந்து கிழவி கிடந்த இடத்திலேயே கிடக்கிறாள். முதுகு புண்ணாகிவிட்டது. மகன் செத்ததைச் சொன்னால் அழுகிறாள், அப்புறம் மறந்துபோகிறாள். விளக்கு வைக்கிற நேரமானால், அவன் இன்னும் வரவில்லையா என்று கேட்கிறாளாம்.

"நேத்து நான் தூக்கிப் பார்த்தேன். ஒத்த ஆளால முடியல. பாதியில இறக்கி வச்சிட்டேன். அந்த அம்மா என்னைப் பார்த்துட்டு, நீ யாருப்பான்னாங்க."



"வாங்க, போவோம்" என்று உபதேசியார் துண்டை உதறித் தோளில் போட்டார்.

யேசுரத்தினம் எழுந்தார். ரெண்டு எட்டு வைத்திருப்பார், கோயில் கடிகாரம் ஏழடித்தது. அவர் நின்றுவிட்டார்.

"ஜெப நேரமாச்சே ஐயா. முடிச்சிட்டு வந்திரட்டுமா?"

உபதேசியார் திரும்பி அவரைப் பார்த்தார். கோபமில்லை. களைப்புத்தான் இருந்தது.

"ஜெப நேரம்னுதானே அண்ணாச்சி கூப்பிடுறேன்."